மோகனன் சொன்ன இரண்டு பதில்கள்

ஆரியங்கோட்டில் மோகனன் சொல்வதை யாரும் நம்புவதில்லை. அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. பலாமரத்திலிருந்து விழுந்து கால்கள் செயலிழந்த கதையையே ஆளுக்கொரு விதமாகச் சொல்வார். ஒன்றில் மரம்தான் அவர் மேலிருந்து விழும்.

அப்படிப்பட்டவர், நர்சிங் ஆராய்ச்சி செய்யும் ஜிஜா வீடு தேடி வந்து கேட்டபோது, என்ன நினைத்தாரோ, உள்ளதைச் சொல்லித் தொலைத்தார்.

"வெளிய போவ ஆள் துணை வேணுமா மாமா?"

"வேண்டாம்."

உண்மைதான். வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தளம். வீல்சேரை உருட்டிப்போய் மெஷினில் ரப்பர் ஷீட் அடிப்பார், ரோட்டுக்கும் போய்வருவார்.

அதே கேள்வியைச் சில வாரம் கழித்து மறுபடி கேட்பது ஆராய்ச்சி முறை. பதில் மாறாதிருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அப்போது மோகனன் பாறசாலையில் மகள் ஆர்யாவின் புது வீட்டில் இருந்தார். மருமகன் சுனில்குமார் வாசலில் கறுப்புக் கிரானைட்டில் உயர உயரமாகப் படி கட்டியிருந்தான். ஜிஜா அங்கேயே வந்து கேட்டாள்.

"ரெண்டு ஆளு தூக்கணும்," என்றார்.

அடுத்த முறை ஜிஜா அதே வீட்டுக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். "ரெண்டுல ஒண்ணு பொய்யாம் மாமா. உங்க பதிலைக் களையச் சொல்லிட்டாவ, எனக்க ஆராய்ச்சிக்கு கைடு ஸ்ரீகலா டீச்சர்."

ஊரே பொய்யன் என்றபோது வராத கோபம் அன்று வந்தது. "மக்கா, யானை பேப்பர் படிச்சுதுன்னேன், எல்லாரும் சிரிச்சாவ, நானும் சிரிச்சேன். இது உள்ளதாக்கும்! ஒனக்க டீச்சரைக் கூட்டியிட்டு வா."

டீச்சர் வந்தார். படியேறியதில் மூச்சு வாங்கியது. "அங்க துணை வேண்டாம், இங்க வேணும். இடையில நோய் கூடிச்சா?"

"எனக்க காலு ரெண்டு வீட்டுலயும் ஒண்ணுபோல சும்மாத்தான் கெடக்கு டீச்சரே. வீடாக்கும் மாறினது."

டீச்சர் வாசலை எட்டிப் பார்த்தார். இறங்கிப்போய்ப் படியைச் சாணால் அளந்தார்.

சுனில்குமாருக்குப் பொறுக்கவில்லை. "அது ராஜஸ்தான் கல்லாக்கும்!"

"கல்லுக்கு ஒரு குறையும் இல்ல மக்கா," என்றார் மோகனன். "எனக்க குறையைத்தான் அது கூட்டுது."

டீச்சர் சிரிக்கவில்லை. "ஜிஜா, காலைப்பத்தி இவ்வளவு கேட்டோம். எந்த வாசல்னு கேக்கவே இல்லியே! ரெண்டு பதிலும் இருக்கட்டும். இனி எல்லார்கிட்டயும் வாசலையும் சேத்துக் கேளு."

எல்லார் வீட்டுக்கும் மறுபடி நடக்க வேண்டும். ஜிஜா மோகனனை முறைத்தாள்.

"அப்போ நான் சொன்னது உள்ளதுன்னு அச்சில வருமா?"

"வரும் மாமா."

"எனக்க பேரோட?"

"ஆராய்ச்சியில ஆளுக்க பேரு போடக்கூடாது."

மோகனன் ஒரேயொரு தடவை உண்மை சொன்னதற்குச் சாட்சியில்லாமல் போயிற்று.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு ராஜனிடம் சொன்னார்: "எலே, எனக்க பேச்சை நர்சிங் காலேஜில படிக்கப் போறாவ."

ராஜன் தலையாட்டினான். "அந்த யானையும் கூட இருந்து படிக்குமா?"