இரண்டாவது விஷயம்

யூதர்களின் அடக்கத்தில் மண்வாரியை அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது. மூன்று வாரி மண்ணைக் குழியில் தள்ளிவிட்டு அதை மண்மேட்டில் குத்தி வைத்து விலகிவிட வேண்டும். லியோனி அப்படித்தான் செய்தாள். அடுத்து அதை எடுத்தவள் பெவர்லி.

பெவர்லி தோல் கையுறை போட்டிருந்தாள். கேக் மேல் சர்க்கரை தூவுவது போல மூன்று முறை தூவினாள். பிறகு கைக்குட்டையால் கண்ணோரத்தை ஒற்றினாள். கண் மை கலையவில்லை.

"எப்பேர்ப்பட்ட படிப்பாளி," என்றாள், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. "திங்கட்கிழமை வகுப்புக்கு உயிரே இம்ரேதான்."

லியோனி அந்தக் கையுறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த உயிரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று எட்டு வாரத்துக்கு முன்னால் கடிதம் எழுதியவள் வகுப்பின் செயலாளரான இந்தப் பெவர்லி. எழுதச் சொன்னவள் லியோனி.

திங்கள் மாலை ஏழு மணிக்கு யூத ஜெபாலயத்தின் பின்கூடத்தில் பெரியவர்களுக்கான வகுப்பு நடக்கும். ஒரு வாரம் ஜெபாலயத்துக் குருவான ரபி வேதம் நடத்துவார், ஒரு வாரம் பேராசிரியர் யாராவது வருவார், ஒரு வாரம் பாட்டு, ஒரு வாரம் சினிமா. எது நடந்தாலும் கடைசியில் தேநீரும், சாக்லேட்டில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்கும் உண்டு. மெல்பர்ன் யூத ஜனங்களுக்கு வேதம் எவ்வளவு நிஜமோ லாமிங்டனும் அவ்வளவு நிஜம்.

இம்ரே லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். புடாபெஸ்டில் பதினான்கு வயதில் ஸ்பேனரைப் பிடித்தவர், எழுபத்தைந்தில் இங்கே நோட்டுப் புத்தகத்தைப் பிடித்தார். பதினோரு வருஷமாக இரண்டாவது வரிசையில், ஹீட்டரை ஒட்டிய நாற்காலி அவருடையது. "கேள்வி ஏதாவது உண்டா?" என்று பேசியவர் கேட்டு முடிப்பதற்குள் அவர் கை மேலே போய்விடும்.

"கேள்வி இல்ல. ரெண்டு விஷயம்."

முதல் விஷயம் எங்கே கிளம்பினாலும் லிஃப்டில் போய்த்தான் நிற்கும். யாக்கோபு கனவில் கண்ட ஏணியைப் பற்றி ரபி ஒருநாள் உருகி உருகிப் பேசினார். இம்ரே எழுந்து, ஏறுகிற தேவதூதர்களும் இறங்குகிற தேவதூதர்களும் சம எடையா, இல்லையென்றால் லிஃப்டில் இருப்பது போல எதிர்எடைக்கு என்ன ஏற்பாடு என்று விசாரித்தார். பன்னிரண்டாவது நிமிஷம் பெவர்லி கோப்பையைக் கரண்டியால் மூன்று தட்டு தட்டுவாள். அவர் உட்கார்ந்துவிடுவார். இரண்டாவது விஷயத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.

லியோனி வகுப்பை நடத்தும் குழுவில் பாட்டுக் கச்சேரிகளைக் கவனித்துக்கொள்கிறவள். ஜூன் மாதம் சிட்னியிலிருந்து இசைப் பேராசிரியர் ஒருவரை அவள்தான் வரவழைத்தாள். கழுத்தில் புது ஸ்கார்ஃப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, விவாகரத்தாகி ஒன்பது வருஷம், அந்தப் பேராசிரியருக்கு நல்ல குரல். அதற்கு மேல் சொன்னால் அவளே சிரித்துவிடுவாள்.

அன்றைக்கு இம்ரே வாயில் லாமிங்டனோடு எழுந்தார். பேசப் பேசப் பல்செட் கழன்று பாதி வெளியே வந்தது. அதை நாக்கால் உள்ளே தள்ளிக்கொண்டே பேசினார். தேங்காய்த் துருவல் ஒட்டிய ஈரத் துணுக்கு ஒன்று பறந்து போய்ப் பேராசிரியரின் தாளில் விழுந்தது. அவர் புன்னகை மாறாமல் இரண்டு விரலால் அதை வழித்துப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார்.

லியோனிக்கு உடம்பெல்லாம் கூசியது. புழுவை மிதித்த மாதிரி. அவளுக்குப் புழுவாகத் தெரிந்தவர் அவளுடைய சொந்த அப்பா.

கூட்டம் முடிந்து கோப்பை கழுவும் இடத்தில் பெவர்லியைப் பிடித்தாள்.

"அவரை இனிமே வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

"நீயே சொல்லேன் கண்ணு. உங்கப்பாதானே."

"என்னால முடியாது. இடம் பத்தலை, அது இதுன்னு ஏதாவது எழுதுங்க. நான் சொன்னேன்னு மட்டும் தெரிய வேண்டாம்."

இடம் பற்றாமல் போனதே கிடையாது. நாற்பது நாற்காலியில் இருபது பேர்தான் இருப்பார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது கடிதம் ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில் இருந்தது.

"பாத்தியா? நம்ம வகுப்புல இடமே இல்லையாம்," என்றார் இம்ரே. முகமெல்லாம் பெருமை. "நல்லதுதானே. புதுசா வர்றவங்க உக்காரட்டும். அடுத்த பருவம் நான் போய்க்கிறேன்."

"ஆமாம்ப்பா," என்றாள் லியோனி.

இந்தத் திங்கட்கிழமை மாலை அவர் டை கட்டிக்கொண்டு தன் சோபாவில் உட்கார்ந்திருந்தார். அப்படியே போய்விட்டார். பக்கத்தில் நோட்டுப் புத்தகம் இருந்தது. வகுப்புக்குப் போகாத எட்டுத் திங்களும் டை கட்டியிருப்பாரோ என்று யோசித்துப் பார்த்து, யோசிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

கல்லறையிலிருந்து திரும்பியதும் எல்லோரும் அவருடைய ஃபிளாட்டுக்கு வந்தார்கள். துக்க வழக்கப்படி கண்ணாடிகளைப் பெட்ஷீட் போட்டு மூடியிருந்தார்கள். துக்கக்காரி உட்கார, அவளுக்கென்று கால் வெட்டிய தாழ்ந்த நாற்காலி காத்திருந்தது. அதில் உட்கார்ந்தால் துக்கம் கேட்க வருகிறவர்களின் இடுப்புதான் கண்ணுக்கு நேரே வரும். மேஜை நிறைய அவித்த முட்டை. முட்டை, வெங்காயம், ஊற வைத்த மீன், ஈரக் கம்பளிக் கோட்டு, எல்லாம் சேர்ந்து ஒரே வாடை. ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து, மயோனைஸ் வாயால் அவள் கன்னத்தில் முத்தமிட்டார்கள்.

"படிப்புன்னா அவருக்கு உயிரு."

"அவர் கேள்வி கேட்டாதான் வகுப்பு களை கட்டும்."

இதே ஆட்கள்தான் அவர் கை தூக்கும்போது பல்லிடுக்கில் காற்றை விட்டவர்கள். அவள் மட்டும் என்ன, இவர்கள் பெருமூச்சு விட்டார்கள், அவள் தபாலே அனுப்பிவிட்டாள்.

குளிருகிறதென்று அப்பாவின் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பையில் கைவிட்டபோது ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. கைக்குட்டையில் சுற்றிய லாமிங்டன் இரண்டு. பச்சைப் பூஞ்சை முடி போல வளர்ந்திருந்தது. ஜூன் மாதத்து லாமிங்டன். சமையலறைக்கு ஓடிக் கையைக் கழுவினாள், சோப்புப் போட்டு இரண்டு தரம். கையில் நாற்றம் இல்லை. ஆனாலும் மூன்றாவது தரம் கழுவினாள்.

பெவர்லி ஃபிரிட்ஜுக்குள் ஒரு கிண்ணத்தை நுழைத்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தியபோது அதில் காந்தம் மட்டும்தான் இருந்தது.

"பயப்படாதே கண்ணு. நான் எடுத்துட்டேன்." கைப்பையைத் தட்டிக் காட்டினாள். "யாரும் பாக்கலை. நீயும் நானும் மட்டுந்தான்."

"குடுங்க."

"எதுக்கு? கிழிச்சுப் போட்டுடறேன். சாயங்காலம் ஒரு அறிவிப்பு வச்சிருக்கேன், கேட்டா நீ சந்தோஷப்படுவே. வருஷா வருஷம் இம்ரே பேர்ல ஒரு சொற்பொழிவு."

அந்த 'நீயும் நானும்' லியோனியின் முதுகில் ஈரக் கை வைத்த மாதிரி இருந்தது. அதைவிட மோசம், ஒரு நொடி அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது.

"குடுங்க பெவ்," என்றாள் மறுபடியும். பெவர்லி கொடுத்தாள். அவள் அதைக் கோட்டுப் பையில், லாமிங்டன் இருந்த இடத்தில் வைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு, இறந்தவருக்காக லியோனி சொன்ன ஜெபம் முடிந்தது. லியோனி தடுமாறிய இடத்தில் எல்லாம், அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் பதினோரு வருஷம் உட்கார்ந்த சோல் கிழவர் உரக்கச் சொல்லித் தாங்கினார். துக்க வீட்டில் போனவர் நினைவாகக் கொஞ்சம் பாடம் படிப்பது வழக்கம். ரபி நின்றபடியே பத்து நிமிஷம் நடத்தினார். அவர் யாக்கோபின் ஏணியையே எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷன், வேறெதையும் தேடத் தோன்றவில்லை போல. பெவர்லி சொற்பொழிவு அறிவிப்பைச் செய்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"கேள்வி ஏதாவது உண்டா?" என்றார் ரபி, பழக்கதோஷத்தில்.

அத்தனை தலையும், யாரும் சொல்லாமலேயே, அந்த அறையின் ஹீட்டர் பக்கம் திரும்பியது. அங்கே ஒரு குடை சாய்த்து வைத்திருந்தது.

லியோனி தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழ முயன்றாள். முதல் தடவை முடியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து கையைத் தூக்கினாள்.

"கேள்வி இல்ல," என்றாள். "ரெண்டு விஷயம்."

பின்னால் யாரோ பல்லிடுக்கில் காற்றை விட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். பெவர்லியின் கை கரண்டியைத் தேடிப் போனது.

"மொத விஷயம்." பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். அதில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. "வகுப்புல இடமில்லைன்னு அப்பாவுக்கு ஒரு லெட்டர் போச்சு. இடம் இருந்துச்சு. எழுதச் சொன்னது நான்."

பெவர்லி கோப்பையை ஒரு தட்டு தட்டிவிட்டாள்.

"பெவ், அதைக் கீழ வை," என்றார் சோல். "பதினோரு வருஷமாச்சு. இன்னிக்காவது ரெண்டாவதைக் கேப்போம்."

கரண்டி தட்டில் இறங்கியது. எல்லோரும் லியோனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் இரண்டாவது விஷயத்தை அவளும் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் கை இன்னும் மேலேயே இருந்தது, அப்பாவின் கோட்டுக் கை விரல்கள் வரை வழிந்து தொங்க.