மோட்டார் எதற்காகக் காத்திருந்தது

எங்கள் ஆபீசில் சண்டை போட வேறு விஷயமே கிடைக்கவில்லை. மெஷினுக்குக் கரண்ட் வந்ததும் முதலில் கண்விழித்து, மற்ற நிரல்களை எழுப்பிவிட ஒரு நிரல் உண்டு. இனிட் என்போம். சர்வர், மேசைக் கணினி, நாங்கள் தயாரிக்கும் ஆக்ஸிஜன் மெஷின், மூன்றிலும் லினக்ஸ் என்கிற ஒரே இயங்குதளம்தான். சர்வர்க்காரர் தன்னுடைய பெரிய இனிட்டையே எல்லாவற்றுக்கும் போடச் சொன்னார். மேசைக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் அதுவே வசதி. ஆக்ஸிஜன் மெஷின் என் பொறுப்பு. அதற்குச் சின்னதாக, ஒரே மூச்சில் படித்து முடிக்கிற மாதிரி ஒன்று போதும் என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"ஒரே வீட்டுல ரெண்டு சமையலா? கட்டுப்படியாகாது. திங்கட்கிழமை முடிவு பண்ணிடுறேன்" என்றார் மேனேஜர்.

என்னமோ செய்து தொலையட்டும் என்று விட்டுவிடத்தான் நினைத்தேன். அவ்வளவு அலுப்பு.

ஞாயிறு மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தானுக்கு நுரையீரல் பழுது. பெரிய இனிட் போட்ட முதல் மெஷினைச் சோதனைக்கு அவருக்குத்தான் கொடுத்திருந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், உடனே வந்தது. மின்விசிறி சுற்றியது. மெஷினில் பச்சை விளக்கும் எரிந்தது. மோட்டார் மட்டும் ஓடவில்லை.

அத்தானின் உதடு நீலம் பாரித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காதான் இடுப்பில் செருகியிருந்த சிலிண்டர் சாவியை உருவி, மூலையில் அவசரத்துக்கென்று நின்ற ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினாள்.

மூச்சு திரும்பியதும் அத்தான் சொன்னார்: "என்ன மாப்ள, உங்க மெஷின் புது மாப்பிள்ளையா? யாராவது வந்து கூப்பிட்டாத்தான் எந்திரிக்குமா?"

லேப்டாப்பை இணைத்துப் பார்த்தேன். நெட்வொர்க் கிடைக்கும்வரை எதையும் தொடங்காதே என்கிற சர்வர் வழக்கம் அப்படியே இதற்கும் வந்திருந்தது. வீட்டு வைஃபை பெட்டியோ அப்போதுதான் சோம்பல் முறித்து எழுந்துகொண்டிருந்தது. மூச்சு விடுவதற்கு இன்டர்நெட் எதற்கு?

அத்தானுக்குச் சிலிண்டரை விட்டுவிட்டு, திங்கட்கிழமை அதே மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் மீட்டிங் மேசையில் வைத்தேன். மெஷின், வைஃபை பெட்டி இரண்டின் ப்ளக்கையும் பிடுங்கித் திரும்பச் செருகினேன்.

"மோட்டார் ஓடுற வரைக்கும் எல்லாரும் மூச்ச அடக்குங்க."

சர்வர்க்காரர்தான் முதலில் மூச்சு விட்டார். கன்னம் உப்பி, முகம் சிவந்து, மேனேஜரும் இருமினார். மோட்டார் அசையவில்லை.

"ஒரு வரிய மாத்தினா சரியாயிடும்" என்றார் சர்வர்க்காரர்.

"மாத்தலாம். அந்த மாதிரி இன்னும் எத்தன வரி இருக்குன்னு தெரியுமா?"

அவர் யோசித்தார். "தெரியாது."

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மெஷினுக்கு உங்க சின்னதையே போடுங்க. ஆனா நீங்கதான் அதக் கட்டிக்கிட்டு அழணும்."

சின்ன இனிட் போட்டு மெஷினை மறுபடி அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். ப்ளக்கைப் பிடுங்கிச் செருகிவிட்டு நான் நிமிர்வதற்குள் மோட்டார் ஓடியது. "இன்னொரு தடவ" என்று சிரித்தார் அத்தான். அப்போதும் ஓடியது.

"இனிமே பயமில்லக்கா. அந்தச் சாவிய எடுத்து வெச்சிடு."

"சரிடா தம்பி" என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே சாவியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.