பிரிட்ஜில் ஒட்டிய பொட்டு

எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். என் கணவர் பரமேஸ்வரனுக்குக் கண் தெரியாது. இனிப்பு நீர் நோய் தின்றது போக, வலது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் மிச்சம். எனக்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனால் பார்த்தது மண்டையில் நிற்காது. இரண்டு வருடத்துக்கு முன் கிள்ளான் பாசாரில், சந்தையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தேன். தலைக்குள் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். அதற்கு முந்தைய ஐம்பத்து நாலு வருடமும் பத்திரமாக இருக்கிறது. தெலுக் பங்லிமா காராங் கையுறைத் தொழிற்சாலையில் என் கீழே வேலை செய்த நாற்பது பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்வேன். கால் மணி நேரத்துக்கு முன் அடுப்பில் என்ன வைத்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பிறகு இதையெல்லாம் எப்படிச் சொல்கிறாய் என்றால், போன மாதம் நடந்ததில் முக்கால்வாசியை ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே நோட்டில் எழுதிவிட்டேன். விட்டுப்போனதை அவர் சொல்லி நிரப்பினார். கோபம் மட்டும் என் சொந்தச் சரக்கு.

மறதி என்றால் ஜனங்களுக்குச் சிரிப்பு. "எனக்கும் அப்படித்தான் ஆன்டி, கார் சாவிய எங்க வச்சேன்னே தெரியாது லா," என்பாள் பக்கத்து வீட்டு வாணி. அவளுக்குச் சாவியைத் தேடுகிறோம் என்பதாவது தெரியும். நான் அறை நடுவில் நின்றுகொண்டு, எதைத் தேட வந்தேன் என்பதைத் தேடுவேன். ஒரு நாளைக்கு இருபது தடவை. முதல் ஆறு மாதம் பயமாக இருந்தது. இப்போது பயம் போய்விட்டது, சலிப்புதான் வீட்டு ஆள் மாதிரி தங்கிவிட்டது.

மற்ற மறதிகளால் பெரிய நஷ்டம் இல்லை. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டால் கொட்டிவிடலாம். ஆனால் அவருக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி நான்தான் போட வேண்டும். போடாமல் விட்டாலும் கெடுதல், இரண்டு தடவை போட்டால் உயிருக்கே ஆபத்து. ஜொகூரில் இருக்கும் மகள் ஷாமினி போனில் அலாரம் வைத்துக் கொடுத்தாள். அது அடிக்கும், அணைப்பேன், எதற்கு அடித்தது என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். நோட்டில் குறித்தும் பார்த்தேன். ஒரு நாள் 'போட்டாச்சு' என்று முதலில் எழுதிவிட்டு, ஊசி போடாமலேயே துணி காயப்போடப் போய்விட்டேன்.

அவரையே கேட்டால் என்ன என்பீர்கள். ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "போட்டுட்டேனா, போட்டுட்டேனா" என்று காலையில் பத்துத் தடவை கேட்க, அவர் பத்துத் தடவையும் அதே பொறுமையான குரலில் பதில் சொல்வார். அந்தப் பொறுமைதான் எனக்குத் தாங்கவில்லை. நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கியவள் நான்.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்தபோது, கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த என் பொட்டைப் பார்த்தேன். எல்லாப் பெண்களும் செய்வதுதான், குளிக்கும் முன் எடுத்து ஒட்டி வைத்து, பிறகு மறுபடி வைத்துக்கொள்வது. அங்கே யோசனை வந்தது. ஊசி போட்டு உடம்பிலிருந்து வெளியே எடுத்த பிறகு பிரிட்ஜ் கதவில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்ட வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. படுக்கும் முன் இரண்டையும் பிய்த்துவிட வேண்டும். பொட்டு இருந்தால் ஊசி ஆச்சு, இல்லையென்றால் ஆகவில்லை. கிள்ளானில் ஒரு கடையில் விலை போகாமல் கிடந்த பொட்டு அட்டைகளை மொத்தமாக வாங்கினேன். அரக்குச் சிவப்பு, ஓரமெல்லாம் தங்கப்பொடி. நான் வைத்துக்கொள்ள மாட்டேன், அதனால் நெற்றிப் பொட்டோடு குழம்பாது. ஒன்றரை வருடம் ஒரு பிழை இல்லாமல் ஓடியது. எப்போதாவது தடுமாறி ஊசியோடு போய் நின்றாலும், "ஆச்சு குமுதா," என்று அவர் சொல்லிவிடுவார்.

இந்தப் பொட்டு விஷயத்தை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக, அவருடைய அக்கா சீதாலெட்சுமி அண்ணியிடம்.

அண்ணி கெட்டவர் இல்லை. டெங்கில் ஊரில் அண்ணியின் மகன் வீட்டில் கீழ் அறை காலியாக இருக்கிறது. எனக்குத் தலையில் கத்தி வைத்த நாளிலிருந்து, "தம்பிய என்கிட்ட அனுப்பிடு, நீ ஷாமினி வீட்டுல போய் ரெஸ்ட் எடு," என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். முப்பத்து இரண்டு வருடம் ஒன்றாக இருந்தவர்களை ஆளுக்கொரு திசையில் அனுப்புவதற்கு ரெஸ்ட் என்று பெயர். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பையோடும் ஒரு டப்பா கேசரியோடும் வந்து இறங்கினார்.

"ரெண்டு நாள் இருந்து பாக்கப் போறேன் குமுதா. சரிப்படலன்னா தம்பிய கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் என்மேல கோச்சுக்காத."

அன்று முழுவதும் நான் பரீட்சை எழுதுகிறவள் போல நடந்தேன். சொல்ல வேண்டியதை எல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். இரவு படுத்தபோது தாடை வலித்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஊசி போட்டேன், பொட்டு ஒட்டினேன், அவருக்கு இரண்டு தோசை கொடுத்தேன், தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். இதெல்லாம் எனக்கு நினைவில் இல்லை. அவர் சொன்னது. அண்ணி அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான் பால் எடுக்கப் போனேன். பிரிட்ஜில் பொட்டு இல்லை. மணி ஏழு நாற்பது. இன்னும் ஊசி போடவில்லையே என்று பதறினேன். அண்ணி கோயிலுக்குப் போக உடுத்திக்கொண்டு, அவருக்கு எதிரில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். நான் எதுவும் நடக்காத மாதிரி பேனா வடிவ இன்சுலின் ஊசியை எடுத்து, அதில் அளவைத் திருப்பி வைத்து, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கை ஒரு நொடி சட்டையிலேயே நின்றதாம். பிறகு தூக்கிக் காட்டினார். போட்டேன். போய்ப் பொட்டு ஒட்டினேன்.

"பரவால்ல, கரெக்டா செய்யுற," என்றார் அண்ணி. எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

"அக்கா, அந்த கேசரிய கொஞ்சம் கொண்டா," என்றார் அவர்.

"இனிப்பு நீர வச்சிக்கிட்டு கேசரி கேக்குறான் பாரு. அது குமுதாவுக்குடா."

"அப்ப ஒரு கிளாஸ் மைலோவாச்சும் குடு குமுதா. சீனி தூக்கலா."

"சீனியெல்லாம் கிடையாது," என்றேன் நான், அண்ணிக்குக் கேட்கும்படி. கண்டிப்பான மனைவி என்று பெயர் வாங்க எனக்கு அவ்வளவு ஆசை. அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

பத்து மணிக்கு அவர் சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து "அம்மா" என்றார். வாணி காரை எடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்து, சர்க்கரை ஒன்று புள்ளி ஒன்பது என்றார்கள், நாலுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்தாம். குளுக்கோஸ் ஏற ஏற அவருக்கு நினைவு தெளிந்தது.

சின்ன வயது மலாய் டாக்டரம்மா, காலையில் இன்சுலின் எத்தனை தடவை போட்டீர்கள் என்று கேட்டாள்.

"ஒரு வாட்டிதான். நானே பாத்தேன்," என்று அண்ணி எனக்காகச் சாட்சி சொன்னார். நானும் தலையாட்டினேன். அப்படியானால் இந்த அளவே இவருக்கு அதிகம், பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும், கிட்னியையும் பார்க்க வேண்டும், பெரிய டாக்டரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று அவள் போனாள்.

அண்ணி குனிந்து அவருக்குப் போர்வையைச் சரிசெய்தார். அப்போதுதான் அண்ணியின் நெற்றியைப் பார்த்தேன். அரக்குச் சிவப்பு, ஓரமெல்லாம் தங்கப்பொடி.

"பொட்டு நல்லா இருக்கே அண்ணி."

"காலையில குளிச்சிட்டு வந்தப்ப உன் வீட்டு பிரிட்ஜுல ஒட்டியிருந்துச்சு. நான் பொட்டு கொண்டார மறந்துட்டேன். நீ குளிக்க எடுத்து ஒட்டுனதுன்னு நெனச்சு வச்சிக்கிட்டேன் லா," என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கக் கீழே போனார்.

அண்ணி பார்த்த ஊசிக்கு முன்பே பொட்டு இருந்திருக்கிறது. அப்படியென்றால் நான் ஏழு மணிக்கே போட்டிருக்கிறேன். அவர் காதருகில் குனிந்தேன்.

"நான் ரெண்டு ஊசி போட்டேனா?"

"ம்."

"தெரிஞ்சுமா சட்டைய தூக்குனீங்க?"

"அக்கா எதுக்க உக்காந்திருந்துச்சு. ஆச்சுன்னு சொன்னா உன் கதை முடிஞ்சிடும். கேசரி சாப்புட்டு சரிக்கட்டிடலாம்னு பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் சேந்துக்கிட்டு குடுக்கல." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "விடு குமுதா. யாருக்கும் தெரியாது. நீயும் கொஞ்ச நேரத்துல மறந்துடுவ."

அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழவும் வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். பத்து நிமிடம் குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும், போய்விடும். அப்புறம் டாக்டர் எத்தனை தடவை கேட்டாலும் ஒரு தடவைதான் என்று கூசாமல் சொல்வேன். டெங்கில் பேச்சு அடங்கும். இந்த மறதியால் இரண்டு வருடத்தில் எனக்கு வந்த ஒரே லாபம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் மருந்தைத் தப்பாகக் குறைத்துவிடுவார்கள். அதைவிட, அடுத்த தடவை யாராவது எதிரில் உட்கார்ந்திருந்தால் இந்த மனிதர் மறுபடியும் சட்டையைத் தூக்குவார். பையிலிருந்த பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் எழுதினேன். கையை மூடிக்கொண்டேன்.

டாக்டரம்மா வர நேரமாயிற்று. அண்ணி வந்தார், எனக்குத் தண்ணீர் கொடுத்தார், கோயிலுக்குப் போக முடியாமல் போனதைப் பற்றிப் பேசினார். நான் எதையோ யோசித்துக் கலங்கிக்கொண்டிருந்தேன், எதை என்று தெரியவில்லை. டாக்டரம்மா வந்து, அளவைக் குறைக்கிறோம் ஆன்டி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கையில் வியர்த்துப் பிசுபிசுத்தது. விரித்துப் பார்த்தேன். மை கலைந்திருந்தது, படிக்க முடிந்தது. 'ரெண்டு ஊசி. சொல்லு.'

படித்ததும் எல்லாம் திரும்பி வந்தது. சொல்வதா வேண்டாமா என்பதும் கூடவே வந்தது. ஒரு முடிவை நீங்கள் எல்லாரும் ஒரு தடவை எடுத்தால் போதும். நான் அதை முதலிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். அவ்வளவு களைப்பாக இருந்தது.

"டாக்டர், காலையில நான் ரெண்டு தடவ போட்டுட்டேன்," என்று மலாயில் சொன்னேன். "எனக்கு ஞாபகம் நிக்காது."

பிறகு அண்ணிக்காகத் தமிழிலும் சொன்னேன். டாக்டரம்மா எதுவும் திட்டவில்லை, எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தினாள். அண்ணி தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்தார்.

"ரெண்டு தடவயா? நான் பாத்தது ஒண்ணுதானே?"

"முதல் ஊசிக்கு ஒட்டுனது உன் நெத்தியில இருக்குக்கா," என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டே. பொட்டுக் கணக்கை அவரே முழுவதும் சொன்னார். அண்ணியின் கை மெல்ல நெற்றிக்குப் போனது. பொட்டைப் பிய்த்தார். அதை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல், வெகு நேரம் விரல் நுனியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அண்ணி ஊருக்குப் போகவில்லை. டெங்கிலைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. பேசி எனக்குத்தான் மறந்துவிட்டதோ என்னவோ, நோட்டில் இல்லை.

சாயந்திரம் பிரிட்ஜில் பொட்டு இல்லை. பேனா ஊசியோடு கூடத்துக்கு வந்தேன். அவர் நாற்காலியில், அண்ணி எதிரில். நேற்று மாதிரியேதான். எனக்குக் கன்னம் சுட்டது.

"என்னங்க, நான் ஊசி போட்டுட்டேனா?" என்று சத்தமாகவே கேட்டேன்.

அவர் அக்கா இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார். "உள்ள வா, சொல்றேன்."

"இங்கயே சொல்லுங்க. அவமானமெல்லாம் எனக்கு ராத்திரிக்குள்ள மறந்துடும். நீங்க போயிட்டா மறக்காது. போட்டுட்டேனா?"

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"இன்னும் இல்ல குமுதா," என்றார். சட்டையைத் தூக்கினார்.