அடைத்துக்கொண்ட வலை

வெர்னின் நாய் மஃபின் செத்த நான்காம் நாள், ஆர்டிஸ் தன் பழைய வலையைப் படகுக் கொட்டகையில் தேடிப்பிடித்தாள்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஓர் ஏரிக்கரை வீட்டுக்காரர் சங்கத்துக்காகப் பதினோரு கோடைகளாகத் தண்ணீர்ப் பூச்சிகளை எண்ணுகிறவள் அவள். பாசியைத் தின்னும் பெரிய நீர்த்தெள்ளுகள் நிறைய இருந்தால் ஏரி சுகம். அவை குறைந்து, நுண்ணோக்கிக்கு மட்டும் தெரியும் பொடிப்பூச்சிகள் பெருகினால் தண்ணீர் கெடுகிறது. பொடிகளைப் பிடிக்கச் சன்னக் கண் வலை வேண்டும். போன வருஷம் அந்த வலை இழுத்தபோதெல்லாம் பச்சையாக அடைத்துக்கொண்டது. அலசி அலசி அலுத்துப்போய் பெரிய கண் வலைக்கு மாறினாள். பொடியெல்லாம் நழுவிப் போக, தெள்ளு மட்டும் மிஞ்சியது. ஏரி அமோகமாக இருப்பதாக அறிக்கை எழுதினாள். வலையை மாற்றியதை மகராசி எழுதவில்லை.

இந்த ஜூலையில் பக்கத்து வீட்டு வெர்ன் வேலியோரம் நின்று கேட்டான்.

"என்ன பூச்சி டாக்டரம்மா, தண்ணி ஒரு மாதிரி பச்சையா இருக்கே. மஃபின் குதிக்கலாமா?"

"தாராளமா குதிக்கட்டும். எண்ணிப் பாத்துட்டேன். உன்னைவிட ஏரி சுத்தம்!"

இருவரும் சிரித்தார்கள். மஃபினும் ஏரியில் குதித்தது.

இப்போது படகை ஏரி நடுவுக்கு ஓட்டி, தேடியெடுத்த சன்னக் கண் வலையை இறக்கினாள். மூன்றாம் இழுப்பிலேயே அடைத்துக்கொண்டது. வீட்டில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். பொடிப்பூச்சிகள் மொய்த்தன. அவற்றுக்கிடையே பாசிமணி கோத்ததுபோல் நீலப்பச்சைப் பாசி, நாயைக் கொல்லும் விஷப் பாசி. நீர்த்தெள்ளு தேடித்தேடி ஒன்றுதான் கிடைத்தது.

அவள் போனபோது வெர்ன் தன் வீட்டு வாசற்படியில் மஃபினின் கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

"நான்தான் கொன்னுட்டேன், ஆர்டிஸ். கேரேஜ்ல எலிமருந்து வச்சிருந்தேன். அதை நக்கியிருக்கும்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "சனிக்கிழமை பேத்திங்க வர்றாங்க. ஏரியாச்சும் நல்லா இருக்கே, நீந்தட்டும்."

பழியை எலிமருந்தே சுமக்கட்டும் என்று ஒரு கணம் அவளுக்கு ஆசை வந்தது. வெட்கக்கேடான ஆசைதான்.

"எலிமருந்து இல்ல வெர்ன். ஏரிதான். போன வருஷமே பாசியில வலை அடைச்சுது. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். நான் வலையை மாத்திட்டேன். பொடி எதுவும் அதுல நிக்காது."

அவன் அவளையே பார்த்தான். "எண்ணிப் பாத்தேன்னு சொன்னியே?"

"வலையில நின்னதை மட்டும் எண்ணினேன்."

அவன் எழுந்து உள்ளே போய் மகளுக்குப் போன் போட்டான். வர வேண்டாம், தண்ணீர் சரியில்லை என்று சொல்வது படிவரை கேட்டது. யார் சொன்னது என்று மகள் கேட்டிருக்க வேண்டும்.

"ஆர்டிஸ்தான்," என்றான் வெர்ன். "அவ எண்ணிப் பாத்துட்டாளாம்."