தேட வேண்டாம்

மகள் கஜந்தினியின் அறைக் கதவில் ஒட்டியிருந்த படத்தைப் பற்றி விநாயகமூர்த்திக்குக் குறை ஒன்றுமில்லை. அது ஜீன் பேட்டன் படம். 1936இல் இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குத் தனியாக விமானம் ஓட்டி வந்தவர். கீழே அவள் எழுதி ஒட்டியிருந்த வரிதான் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசிக் கடலைத் தாண்டப் புறப்படுமுன் அந்தப் பெண் சொன்னாராம்: நான் கடலில் விழுந்தால் என்னைத் தேடி ஒருவரும் வரக் கூடாது.

இலங்கைப் போரில் வன்னியில் காணாமல் போன தம்பி கீதனின் படத்தை இன்னும் அலுவலகம் அலுவலகமாக அனுப்பிக்கொண்டிருக்கிறவர் அவர். தேடாதே என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது என்பது அவர் கட்சி.

அன்று கஜந்தினி முதன்முறையாகத் தனியே வடக்கே கெரிகெரி ஊர்வரை பறக்கவேண்டும். அவளுடைய கார் பழுதாகிக் கராஜில் கிடந்ததால் ஆர்ட்மோர் விமானத் திடலுக்கு அவர்தான் கூட்டிப்போனார். ஆனால் போ என்று இன்னும் வாய் திறந்து சொல்லவில்லை. அப்பா சொல்லாமல் ஏற அவளுக்கும் மனமில்லை. மனுரேவாப் பகுதியைத் தாண்டியதும் அவர்தான் தொடங்கினார்.

"காரை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவள் பிளேன் ஓட்டப் போறாள்."

"பிளேனுக்கு ரிவர்ஸ் தேவையில்லையப்பா."

அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பொம்பிளை மாதிரி நீயும் தேட வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டே போறாய்?"

"எங்கட பிளையிங் ஸ்கூலில அப்பிடி விடமாட்டினம். எத்தினை மணிக்குள்ள இறங்கிச் சொல்லுவன் எண்டு நேரம் குடுக்கவேணும். அது தாண்டினா தேடத் துவங்கிவிடுவினம்."

"ஆர்?"

"அதுக்கெண்டே ஆக்கள் இருக்கினம்."

"நாங்கள் போய்க் கேக்காமலேயோ?"

"ஓம், கேக்காமலேயே."

சிவப்பு விளக்கு பச்சையாகியும் அவர் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"என்ன நேரம் குடுத்தனீ?"

"பதினொண்டரை."

திடல் வாசலில் அவள் கதவைத் திறந்தாள். "சரி அப்பா, போறன்."

"போறன் எண்டு சொல்லாதை. போட்டு வாறன் எண்டு சொல்லு."

"போட்டு வாறன்."

"ம். போட்டு வா."

அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. வேலியோரம் காரை நிறுத்தி, போனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தார். சின்னச் சின்ன விமானங்கள் ஏறின, இறங்கின. எது அவளுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. பதினொன்றரைக்குக் கொஞ்சம் முன்னதாகப் போன் அடித்தது.

"அப்பா, தேட வேண்டாம்."

கதவில் இருந்த வரியும் இதைத்தான் சொன்னது. இந்த முறை அது அவருக்குக் கோபத்தை வரவழைக்கவில்லை.

"இறங்கிட்டியே?"

"ஓம். முதல் அந்தத் தேடுற ஆக்களுக்குச் சொன்னன், பிறகு உங்களுக்கு."

"சரி சரி. திரும்பி வாறதுக்கும் நேரம் குடுத்தனியே?"