இரண்டு கன்னம்

எங்கள் அலுவலகத்தின் கூட்ட அறையை எனக்குப் பிடிக்காது. அங்கிருக்கும் பெரிய திரையும், அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் கேமராவும், மேஜை நடுவே படுத்திருக்கும் மைக்கும் மேலாளரின் செல்லப் பிள்ளைகள். யார் பேசினாலும் கேமரா தானாகத் திரும்பி அவர் முகத்தைப் பெரிதாகக் காட்டும். மேலாளர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைக் கனைப்பார். அதனால் கேமரா பாதி நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கனைப்பு சார். எனக்கோ மூக்குக்கு மேலே கோபம் வரும். சரக்கு அனுப்பும் பிரிவில் நான் வாயைத் திறந்தால் லாரி ஓட்டுநர்கள்கூட ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்த அறைக்குள் போனால் சண்டை போடாமல் நான் வெளியே வந்ததில்லை.

அன்று மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து என் செல்போனுக்கு வீடியோ அழைப்பு வந்தது. பேசியது ஒரு நர்ஸ். என் தங்கைக்குக் குடல்வால் வெடித்துவிட்டதாம். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆனால் ஊசி போட விடாமல் தட்டித் தட்டி விடுகிறாள், பயம் போலிருக்கிறது, நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள் என்றாள்.

என் தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவளுக்காக எங்கள் வீட்டில் உண்டான கைப்பாஷை எந்தப் பள்ளியிலும் சொல்லித்தருகிற பாஷை இல்லை. அம்மா பாதி, நான் மீதி என்று கைக்கு வந்ததை வைத்துக் கட்டியது. அம்மா இப்போது இல்லை. தங்கை வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருந்தார். அவள் கையைப் படிக்க அந்த நேரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

நர்ஸ் போனைத் தங்கை பக்கம் திருப்பினாள். வலது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது, எழுதிக் காட்ட வழியில்லை. இடது கையால் கன்னத்தைத் தொட்டாள். படம் அப்படியே நின்றுபோனது. திரும்ப உயிர் வந்தபோதும் கை கன்னத்தில்தான் இருந்தது. எங்கள் பாஷையில் கன்னத்தைத் தொட்டால் பெரியம்மா. அவள் எந்நேரமும் ஒரு பக்கம் மிட்டாயை அதக்கிக்கொண்டிருப்பாள், அதனால் வந்த பெயர். பெரியம்மா துணைக்கு வேண்டுமாம், இந்த வயதில் இவளுக்கு அடம் வேறு என்று எரிச்சலாக இருந்தது. அவள் வருவாள், நீ முதலில் ஊசி போட்டுக்கொள் என்று கையால் அதட்டினேன். நர்ஸிடமும், நீங்கள் பிடித்துப் போட்டுவிடுங்கள் என்று சொன்னேன்.

தங்கை என்னைப் பார்த்து அழுதாள். எலும்பு முறிந்தபோதுகூட அழாதவள் அவள். எதையோ தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டேன். உள்ளங்கை அகலத்தில், துண்டு துண்டாக வரும் படத்தில் அது என்னவென்று தெரியப்போவதில்லை. கொஞ்சம் பொறுங்கள், ஊசி மட்டும் வேண்டாம் என்று நர்ஸிடம் கெஞ்சிவிட்டுக் கூட்ட அறைக்கு ஓடினேன்.

உள்ளே கனைப்பு சார் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு இன்னொரு கிளையோடு பேசிக்கொண்டிருந்தார். நான் கதவைக்கூடத் தட்டவில்லை.

"சார், என் தங்கச்சி கையைப் பெருசாப் பாக்கணும். இப்பவே."

எதற்கு, ஏன் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பாதியில் துண்டித்தார். மேஜைமேல் இருந்த சின்னத் தொடுதிரையில் 'உடனடிக் கூட்டம்' என்பதைத் தொட்டார். நர்ஸின் எண்ணை வாங்கி அதற்கு இணைப்பை அனுப்பினார். மற்றவர்களைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு எனக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

தங்கை சுவரளவுக்குத் திரையில் வந்தாள். மறுபடி சொல்லு என்று கையை உயர்த்தினேன். அவள் திருதிருவென்று விழித்தாள். இங்கே யாரோ ஒருத்தரோட வழுக்கைத் தலைதான் தெரியுது என்றாள் நர்ஸ். கேமரா கனைப்பு சாரைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அது சத்தத்தைத் தேடிப் போகிற கேமரா. என் கைக்குச் சத்தம் கிடையாது. அது தானாகத் திரும்புவதை நிறுத்த அவர் என்னென்னவோ தொட்டுப் பார்த்தார். ஒன்றும் வழிக்கு வரவில்லை.

"யாரும் மூச்சு விடக் கூடாது" என்றார். பிறகு என்னிடம், "நீங்க மட்டும் எதையாவது பேசிட்டே இருங்க. அது உங்களை விட்டு நகராது."

யோசிக்காமல் எனக்கு வருவது திட்டு ஒன்றுதான். கை தங்கையோடு பேச, வாய் அந்தக் கேமராவைப் பிடித்துக்கொண்டது. கூறு கெட்டதே, வாய் இருக்கிறவன்தான் உன் கண்ணுக்கு மனுஷனா, உன்னைச் செய்தவன் நாசமாய்ப் போக என்று ஆரம்பித்து நிறுத்தாமல் பொரிந்து தள்ளினேன். கேமரா அடங்கி ஒடுங்கி என்மேலேயே நின்றது. தங்கைக்கு ஒன்றும் கேட்காது. பாவம், நர்ஸுக்கு எல்லாம் கேட்டது. திரையின் மூலையில் தெரிந்த என் படத்தில், எனக்குப் பின்னால் கனைப்பு சார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. கனைப்பு தொண்டையில் முட்டி, முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்திருந்தது. அவர் கனைக்கவில்லை.

தங்கை மறுபடி சொன்னாள். கை இடது கன்னத்தைத் தொட்டது, அங்கிருந்து வலது கன்னத்துக்குப் போனது. பிறகு கட்டைவிரல் ஊசி குத்துவதுபோலத் தோளில் அழுந்தியது. இரண்டு கன்னம். இரண்டையும் தொட்டால் அது பெரியம்மா இல்லை, வீக்கம். சின்ன வயதில் தொண்டைப் புண்ணுக்குப் போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல் முகமெல்லாம் வீங்கி, மூச்சடைத்து, அவள் பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. அந்த ஊசிக்கு அம்மா வைத்த பெயர் அது. அதைத்தான் பிடித்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

நர்ஸ் ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தாள். நான் சொன்னதை அவர் நின்றபடியே கேட்டார்.

"அது பென்சிலினா இருக்கும்மா. நாங்க போட இருந்ததும் அதே வகைதான். நல்லவேளை சொன்னீங்க, மாத்திடறோம்."

வேறு ஊசி என்று தங்கையிடம் சொன்னேன். நிஜமாகவா என்று புருவத்தால் கேட்டாள். அம்மாமேல் சத்தியம் என்றேன். கையை நீட்டினாள்.

அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகுதான் கனைப்பு சார் வாயிலிருந்து கையை எடுத்தார். அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து அவரை உலுக்கி எடுத்தது. யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் நான் முதன்முறையாக அவருக்கு நன்றி சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

தங்கை தேறி எழுந்து உட்கார்ந்ததும் அவரே கூட்ட அறைத் திரையில் அவளுக்கு வீடியோ அழைப்பைப் போட்டுத் தந்தார். அவள் என்னை நலம்கூட விசாரிக்கவில்லை. என் பின்னால் நின்ற அவரைச் சுட்டிக்காட்டி, இரண்டு கையாலும் வாயைப் பொத்தி, அந்தக் கைகளை அப்படியே நெஞ்சில் கொண்டுபோய் வைத்தாள். என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்டார்.

"உங்களுக்குப் பேர் வெச்சிருக்கா சார்."

"தெரிஞ்சவங்க எல்லாருக்கும் இப்படி ஒரு பேர் வைப்பாங்களா?"

"இல்ல சார். எங்க வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான்."