காற்று வாங்காதவன்

கோஸ்ஸெ ஒரே ஒரு தடவை முன்னால் போயிருந்தால்கூட நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன். இத்தனை நாள் ஆகியும் எனக்கு ஆறவில்லை.

ஏழு ஊர்ப் பந்தயம் அது. ஸ்னேக் ஊரில் கிளம்பி, உறைந்த கால்வாய்களிலும் ஏரிகளிலும் சறுக்கி, ஏழு ஊரையும் சுற்றிவிட்டு ஸ்னேக்குக்கே திரும்ப வேண்டும். ஜெயித்தவன் பால் கறப்பவனாக இருந்தாலும் சரி, ஐஸ் சறுக்கும் கிளப்பில் ஆயுள் உறுப்பினன். நான் பால் கறப்பவன்தான். அந்தக் கிளப்பில் எனக்கு இருந்த வேலை, குளிர்காலம் முழுக்க உறுப்பினர்கள் சறுக்கும் பாதையில் பனியைக் கூட்டுவது. அவர்கள் வரும்போது துடைப்பத்தை மார்போடு அணைத்தபடி ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். அந்தத் துடைப்பத்தைத் தொலைக்கத்தான் பந்தயத்துக்கே வந்தேன்.

கோஸ்ஸெ என் முதலாளியின் மகன். ஏற்கெனவே கிளப் உறுப்பினன். ஜெயித்தால் அவனுக்குப் புதிதாகக் கிடைக்கப்போவது கைதட்டல் மட்டும்தான்.

வொர்கம் ஊரைத் தாண்டியபோது முன்னணியில் மூன்றே பேர்: நான், கோஸ்ஸெ, அடுப்பெரிக்கும் கரி மண்ணைப் படகில் ஏற்றிச் செல்லும் வொப்பே. எதிரே கிழக்குக் காற்று, முகத்தில் அறைந்தது. வழக்கம்போல ஒரு நீளக் கம்பை மூவரும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக ஒரே தாளத்தில் கால் வீசினோம். முன்னால் இருப்பவன் மார்பில் காற்று வாங்குவான், மற்றவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். ஒவ்வொரு பாலத்திலும் ஆள் மாற வேண்டும். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கம்பைப் பிடித்துவிட்டால் அதுதான் சட்டம்.

முதல் பாலம். பாலத்தடியில் பனிக்கட்டி மெல்லிசாக இருக்கும் என்பதால் கரையேறி, அங்கே விரித்திருந்த வைக்கோல்மேல் ஸ்கேட்டோடு தத்தித் தத்தி நடந்தோம்.

"சின்னவரே, இப்ப உங்க முறை," என்றேன்.

"ஸ்கேட் வார் தளர்ந்திருச்சு ஏல்கே. கொஞ்சம் பொறு, அடுத்த பாலத்துல வரேன்."

அடுத்த பாலத்தில் கண்ணில் பனி விழுந்துவிட்டதாம். அதற்கடுத்த பாலத்தில் ஒரு பண்ணைக்காரம்மா எங்கள் மூவருக்கும் சூடாகப் பால் நீட்டினார். வொப்பே குனிந்து தன் வாரை இறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் கோஸ்ஸெ தன் குவளையையும் குடித்துவிட்டு வொப்பேயின் குவளையையும் காலி பண்ணினான்.

"சின்னவருக்குத் தொட்டில் ஒண்ணு கட்டிருவோமாடா?" என்றான் வொப்பே. "ஆளுக்கொரு பக்கமா இழுத்துட்டுப் போலாம்."

கோஸ்ஸெ சிரித்தான். அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். என் மீசையில் பனி குச்சி குச்சியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வொப்பேயின் புருவம் வெளுத்து விறைத்திருந்தது. இவன் முகம் மட்டும் காய்ந்து, ரோஸ் நிறத்தில், கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவன் முகம்போல இருந்தது.

அடுத்த ஊரான போல்ஸ்வர்ட் தாண்டியும் அவன் பின்னால்தான் இருந்தான். நான் திரும்பிக் கத்தினேன்.

"ஏன்டா கோபப்படுற?" என்றான். "உனக்கு இந்த ஐஸ் பழக்கம்தானே? தினமும் கூட்டுறவன்ல நீ!"

கம்பை இறுக்கிப் பிடித்துக் காலை வீசினேன்.

ஸ்னேக்குக்கு முந்தைய கடைசிப் பாலத்தில் கோஸ்ஸெ கொஞ்சம் பின்தங்கி வைக்கோலில் தத்திக்கொண்டிருந்தபோது வொப்பேயின் காதருகே போனேன்.

"அண்ணே, நம்ம காலுல ஒண்ணும் மிச்சமில்ல. அவன் காலுல எல்லாம் மிச்சம் இருக்கு. பந்தயம் முடியுற கோட்டை வாசல் தெரிஞ்சதும் நம்மள விட்டுட்டு ஒரே பாய்ச்சலாப் பாய்வான். யாராவது ஒருத்தர் அவனப் பிடிச்சு வைக்கணும்."

"நான் பிடிக்கிறேன். நீ போடா."

"உங்களுக்கு அந்த அளவுக்குக் கோபம் இல்லண்ணே. நீங்க போங்க."

வொப்பே என் தோளை அழுத்தினான். "நான் கிளப்புக்குள்ள போனதும் முதல் வேலையா உன்னையும் இழுத்துக்குவேன். சத்தியம்டா."

அவன் போனான். அங்கே கூட்டப்பட்ட பாதை ஒரு வண்டி அகலம்தான், இரண்டு பக்கமும் இடுப்பளவு பனி. நான் கம்பைக் குறுக்கே போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னடா பண்ற? வழிய விடு!"

"முன்னாடி போகச் சொன்னேன்ல? போகலியே நீ. இப்ப நில்லு."

'நீ' என்றதும் அவனுக்குக் கண் பிதுங்கியது. "யாரைடா நீன்ற? எங்கப்பாகிட்ட நாளைக்கு எப்படிடா வேலைக்கு வருவ?"

"வரலடா! உங்க மாட்ட நீயே கற!"

கம்பைப் பிடுங்கப் பார்த்தான். முடியவில்லை. ஓரமாகச் சுற்றிப் போகப் பனியில் காலை வைத்து, முழங்கால் வரை புதைந்து, முகம் குப்புற விழுந்தான். கடைசியில் அந்த ரோஸ் முகத்திலும் பனி ஒட்டியது. கோட்டை வாசல் பக்கமிருந்து கூட்டத்தின் ஆரவாரம் கேட்ட பிறகுதான் கம்பைக் கீழே போட்டேன்.

பந்தயக் குழுவினர் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தார்கள். கோஸ்ஸெயின் அப்பா என்னைப் பண்ணையை விட்டுத் துரத்தினார். பரவாயில்லை, ஜெயித்த வொப்பே கிளப்புக்குள்ளே இருக்கிறானே என்று நினைத்தேன். அவன் என்னை இழுத்துக்கொள்ளும் வரை கையில் இருந்த ஒரே பிழைப்பு துடைப்பம்தான். அதனால் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு கிளப் ஆட்கள் வரிசையாகச் சறுக்கி வந்தார்கள். வரிசையின் முன்னால் வொப்பே, தலையில் கிளப் தொப்பி. அவனுக்குப் பின்னால் கோஸ்ஸெ. வொப்பே என்னருகே வேகத்தைக் குறைத்தான்.

"அந்தப் பக்கம் பனி கிடக்கு பாரு ஏல்கே."

"அண்ணே, என்னையும் உள்ள இழுக்கிறதாச் சொன்னீங்களே?"

அவன் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டான். குரல் தாழ்ந்தது. "இப்பதானேடா சேர்ந்திருக்கேன்? வந்ததும் வராததுமா எப்படிக் கேக்குறது? கொஞ்சம் பொறு. அடுத்த குளிர்காலம் பாப்போம்."

கொஞ்சம் பொறு. அடுத்த பாலம்.

நான் ஒதுங்கவில்லை. துடைப்பத்தைப் பாதைக்குக் குறுக்கே போட்டேன். வொப்பே சட்டென்று நின்றான், பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி நின்றார்கள்.

"எடுடா அதை!" என்றான் கோஸ்ஸெ.

"அண்ணன எடுக்கச் சொல்லு," என்றேன். "அவருக்கும் ஐஸ் பழக்கம்தான்."

கரையேறி நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது வொப்பே துடைப்பத்தை எடுக்கத் தொப்பியோடு குனிந்துகொண்டிருந்தான்.